விமானிமீது பயணிகள் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்?

அடம்பனிலிருந்து மன்னார் நகருக்குப் பஸ்ஸில் செல்லும் பயணி, சாரதி அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினால் "மெதுவாகப் போங்கோ" என்று சொல்லலாம். அச்சம் ஏற்பட்டால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கியும்விடலாம். விமானப் பயணிக்கு இவ்விரண்டும் இயலாதவை. ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில், பூட்டிய கதவுக்கு அப்பால் இருக்கும் முகமறியாத இருவரிடம் அவர் தமது உயிரை ஒப்படைக்கின்றார். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் விமானப் பயணம் வடபகுதி மக்களுக்கு மேலும் அண்மித்துள்ளது. எனவே இந்த நம்பிக்கை கண்மூடித்தனமானதா, காரணங்களோடு கூடியதா என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் பயனுடையது.

1. நம்பிக்கைக்கு அடிப்படையான ஏற்பாடுகள்

பயணி நம்புவது ஒரு தனிமனிதரின் திறமையை மட்டுமன்று. அம்மனிதரை இடையறாது சோதிக்கும் ஒழுங்குமுறையையே அவர் நம்புகின்றார். 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் வழி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் இதற்கான நியமங்களை வகுக்கின்றது. இலங்கையில் அவற்றை நடைமுறைப்படுத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையாகும். முக்கிய ஏற்பாடுகள் வருமாறு:

• அனுமதிப்பத்திரம்: பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெறக் குறைந்தது 1500 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும்.
• மருத்துவப் பரிசோதனை: குறித்த காலத்துக்கு ஒருமுறை உடல்நலம் சோதிக்கப்படும். 65 வயதைக் கடந்தவர் சர்வதேச வணிக விமானத்தைச் செலுத்த முடியாது.
• மாதிரி விமானி அறைப் பயிற்சி: இயந்திரம் செயலிழத்தல், தீப்பிடித்தல் முதலிய ஆபத்துகளைத் தரையிலேயே செயற்கையாக உருவாக்கி விமானியைச் சோதிப்பர். தேறாதவர் பறக்க அனுமதிக்கப்படார்.
• துணை விமானி: ஒருவர் செலுத்தும்போது மற்றவர் அவரது செயல்களைக் கண்காணிப்பார்.
• சரிபார்ப்புப் பட்டியல்: அனுபவம் மிக்கவராயினும் நினைவை மட்டும் நம்பாது, பட்டியலைப் படித்தே ஒவ்வொன்றையும் உறுதிசெய்ய வேண்டும்.
• பதிவுக் கருவிகள்: "கறுப்புப் பெட்டி" எனப்படும் செம்மஞ்சள் நிறக் கருவிகள் விமானி அறை உரையாடலையும் பறப்புத் தரவுகளையும் பதிவுசெய்கின்றன.

2. தவறுகள் கற்பித்த பாடங்கள்

(அ) ஏழு கன்னியர் மலை, 1974

1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த நெதர்லாந்து விமானமொன்று கட்டுநாயக்கவில் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. தாம் விமான நிலையத்துக்கு மிக அருகில் வந்துவிட்டதாக விமானிகள் கருதினர். உண்மையில் விமானம் மலைநாட்டின் மேலேயே இருந்தது. மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் அது மோதியதில் 191 பேரும் உயிரிழந்தனர். விமானிகள் தமது இருப்பிடத்தைப் பிழையாக அறிந்தமையே காரணமாகும். இத்தகைய விபத்துகளின் பின்னர், தரை நெருங்குவதைக் குரலெழுப்பி எச்சரிக்கும் கருவி படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

(ஆ) தெனெரீஃப், 1977

1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவில் மூடுபனிக்கிடையே இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். ஒரு விமானத்தின் தலைமை விமானி, மேலெழும்ப அனுமதி கிடைக்காமலே விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். மற்றைய விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று அவரது பறப்புப் பொறியியலாளர் ஐயம் எழுப்பினார். மூத்தவரும் புகழ்பெற்றவருமான தலைமை விமானி விலகிவிட்டதாக உறுதியாகக் கூறவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. இளையவர் தயங்காது பேசவும் மூத்தவர் செவிசாய்க்கவும் பழக்கும் குழுப் பயிற்சி உலகெங்கும் பரவுவதற்கு இவ்விபத்து முக்கிய தூண்டுதலாயிற்று.

(இ) மங்களூர், 2010

பயிற்சி இருந்தாலும் அது செயலில் வராவிடின் பயனில்லை. 2010 மே 22ஆம் திகதி டுபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், தரையிறங்கும்போது இருக்கவேண்டிய உயரத்தைவிட மிக உயரத்தில் இருந்தது. பயணத்தின்போது தலைமை விமானி நீண்ட நேரம் உறங்கியிருந்தார். தரையிறங்காது மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி மூன்று முறை கூறினார், கருவிகளும் எச்சரித்தன. தலைமை விமானி கேட்கவில்லை. குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைக் கடந்து விமானம் பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தனர், எண்மரே தப்பினர். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது தரையிறங்கியமையே நேரடிக் காரணம் என்று விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது.

3. விமானியின் கையில் இல்லாதவை

எல்லா ஆபத்துகளையும் விமானி தடுக்க இயலாது. மன்னார்க் கரையோர மக்கள் இதனை நன்கு அறிவர். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னாருக்கு வடக்கேயுள்ள கடலில் வீழ்ந்து 55 பேரும் மாண்டனர். அது விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகப் பின்னைய விசாரணைகளில் கூறப்பட்டது. 14 ஆண்டுகளின் பின்னர், 2012இல், இரணைதீவுக்கு அண்மையில் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டன. அதுவரை உறவினர் பலர் தம்மவருக்கு நேர்ந்ததை உறுதியாக அறியாமலே காத்திருந்தனர். 2014 ஜூலை 17இல் உக்ரேனின் மேலாகப் பறந்த மலேசிய விமானமும் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். இத்தகைய வேளைகளில் விமானியின் திறமை பயணிகளைக் காக்காது. ஆயுதம் ஏந்துவோரும், வான்பாதையைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்போருமே பொறுப்பாளிகள் ஆவர்.

4. பயணியின் கடமை

நம்பிக்கை என்பது பயணி செயலற்று இருத்தல் அன்று. 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பானிய விமானம், கரையோரக் காவல் விமானமொன்றுடன் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். அறிவிப்புக் கருவி பழுதானபோதும் பணியாளர் ஒலிபெருக்கிக் குழல் மூலம் வழிகாட்டினர். பயணிகள் பொதிகளை விட்டுவிட்டு அவர்கள் சொற்படி வெளியேறினர். ஆசனப் பட்டியை அணிதல், வெளியேறும் வாயிலை முன்கூட்டியே பார்த்துவைத்தல், பாதுகாப்பு விளக்கத்தைக் கவனித்தல் என்பன சிறியனவாகத் தோன்றினும் உயிர்காப்பவை.

முடிவுரை

விமானி தவறே செய்யாதவர் என்பதால் நாம் அவரை நம்புவதில்லை. அவர் தவறினால் திருத்துவதற்கு இன்னொருவரும், ஒரு கருவியும், ஒரு விதியும் இருப்பதாலேயே நம்புகின்றோம். கேள்விக்கு இடமளிக்கும் விமானியே நம்பிக்கைக்கு உரியவர். ஆகவே பறக்கும்போது பணியாளரின் அறிவுறுத்தலுக்குக் கீழ்ப்படிவதும், தரையில் விபத்து விசாரணைகள் ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட வேண்டும் எனக் கேட்பதும் பயணியின் இரு கடமைகளாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பயணிகளின் நம்பிக்கைக்கு அடிப்படையான ஏற்பாடுகள் நான்கினைக் குறிப்பிடுக.
2. தெனெரீஃப், மங்களூர் விபத்துகளுக்கிடையே காணப்படும் ஒற்றுமையை விளக்குக.
3. "எல்லா ஆபத்துகளையும் விமானி தடுக்க இயலாது." உதாரணம் தந்து விளக்குக.
4. மருத்துவர், பஸ் சாரதி ஆகியோருள் ஒருவரைத் தெரிந்து, அவர்மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கு அடிப்படை எதுவென ஏறத்தாழ 100 சொற்களில் எழுதுக.