நீச்சல் தெரியாதவர்களும் கடலுக்குள் எட்டிப் பார்க்கலாம்!

ராமேஸ்வரம் போகாத மதுரைக் குடும்பம் உண்டா? ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று எப்படியும் கிளம்பிவிடுகிறோம். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, இருபத்திரண்டு தீர்த்தத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு, சாமி தரிசனம் முடித்து, கடைத்தெருவில் சோழியும் சங்கும் பேரம் பேசிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். அந்தக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

போன பிப்ரவரியில் எங்களுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது. காலேஜில் படிக்கும் என் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"அம்மா, ஸ்நார்க்கெலிங் போகலாம்மா."

"அது என்னடி, வாயில நுழையாத பேரு?"

"கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி மாட்டிக்கணும். வாயில ஒரு குழாயைக் கவ்விக்கிட்டுத் தண்ணி மேல குப்புறப் படுத்துப் பார்க்கணும். மூழ்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டா நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்."

வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரி நான். என் நாத்தனாரோ குளத்தில் இறங்கவே யோசிப்பவர். இருந்தாலும் அவரையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராகப் புறப்பட்டோம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

பெண் கடலும் ஆண் கடலும்

அந்தப் பக்கத்து மக்கள் கடலுக்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே இருக்கும் பாக் நீரிணை அலை அடங்கியது. அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆர்ப்பரிப்பது. அது ஆண் கடல். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் பெண் கடலும் பொங்கி எழும். "நம்மளை மாதிரிதான்!" என்றார் நாத்தனார்.

மண்டபத்துக்குச் சற்று முன்னால் பிரப்பன்வலசை என்ற கடற்கரைக் கிராமம். பெண் கடல் பக்கம். அங்கே நீர் விளையாட்டு சொல்லித் தருகிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்து, வாயால் மூச்சு விடப் பழக்கினார்கள். முதல் ஐந்து நிமிஷம் பயம்தான். மூக்கால் மூச்சு விட்டே பழகிய உடம்பு, சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. மெதுவாக இழுத்து மெதுவாக விடத் தொடங்கியதும் படபடப்பு அடங்கிவிட்டது.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் வெளிச் சத்தமெல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் கேட்டது. கீழே நாற்றங்கால் போலப் பச்சைப் பசேலென்று கடல் புல். அதற்கு நடுவே விரல் நீள மீன் கூட்டம். மணலில் கறுப்பாக ஒரு கடல் அட்டை. கடல் பசுவுக்கு இந்தப் புல்தான் தீவனமாம். ஆவுளியா என்றும் அதைச் சொல்கிறார்கள். அது மீன் இல்லை. நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. ஒரு பேற்றுக்கு ஒரு குட்டிதான், அதுவும் சில வருஷங்களுக்கு ஒரு முறை. எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

"அக்கா, அதைப் போட்டுடுங்க"

அடுத்து தீவுக்குப் போனோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் சங்கிலி போல 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவானவை. வனத்துறை அனுமதி இல்லாமல் எதிலும் கால் வைக்க முடியாது. நாங்கள் பார்த்தது பாம்பன் பக்கம் குருசடைத் தீவு. 1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய குந்துகாலுக்கு எதிரே இருக்கிறது.

தீவு சின்னதுதான். ஆனால் விலங்கியல் படிக்கிறவர்களுக்கு அது ஒரு யாத்திரை ஸ்தலம். முதுகெலும்புள்ள பிராணிக்கும் இல்லாததற்கும் நடுவில் பாலம் போல இருக்கும் பாலனோகுளாஸஸ் என்ற புழு இங்கே மணலில் வாழ்கிறது. இந்தத் தீவின் உயிரினங்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் தனி வெளியீடு கொண்டுவந்தது.

கரையெங்கும் வெள்ளை வெளேரென்று பவளத் துண்டுகள். மரக்கிளை மாதிரி ஒன்றை நாத்தனார் எடுத்தார். "கொலுவில வச்சா எடுப்பா இருக்கும்!"

கூட வந்த படகுக்காரத் தம்பி பதறிவிட்டார். "அக்கா, அதைப் போட்டுடுங்க. செத்த துண்டுன்னாலும் எடுக்கக் கூடாது. இந்தத் தீவே அதுலதான் நிக்குது."

அவர் சொன்னது நிஜம். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. கடுகளவு பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிக்கொள்ளும் வீடு. உருண்டைப் பவளம் ஒரு வருஷத்தில் வளர்வது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். நாம் கால் ஊன்றி நிற்கும் ஒரு நிமிஷத்தில் நம் பிள்ளைகள் வயசளவு வளர்ச்சி நொறுங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் உடைப்பவை இந்தப் பாறைகளே.

சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் இவற்றை வெட்டி எடுத்தார்கள். விளைவு? 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் தேய்ந்துகொண்டே வர, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். இது போதாதென்று, கடல் சூடேறினால் பவளம் வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் இங்கே அப்படி வெளுத்தது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

நாத்தனார் துண்டைக் கீழே வைத்துவிட்டார். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து ஆளுக்கொரு செங்கல் உருவிக்கொண்டு போனால் வீடு என்ன ஆகும்?

நமக்கு வேடிக்கை, அவர்களுக்குப் பிழைப்பு

கண்ணாடி மாட்டிக்கொண்டு இந்தக் கடலுக்குள் பார்ப்பது நமக்கு ஒரு நாள் உல்லாசம். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவப் பெண்களுக்கோ அதுதான் ஜீவனம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எல்லாம் பறித்து வருகிறார்கள். நோன்பு மாதத்தில் அக்கம்பக்கத்துப் பாத்திமா, ஆயிஷா வீடுகளிலிருந்து நமக்கும் வருமே கடல்பாசி இனிப்பு, அதற்கான அகர் இந்தப் பாசிகளில் இருந்து எடுப்பதே. நம் மதுரைச் சுற்றுவட்டாரத்திலேயே அகர் ஆலைகள் இருக்கின்றன.

பூங்கா என்று அறிவித்தபின் தீவுப் பக்கம் போக இந்தப் பெண்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. பிழைப்பும் நடக்க வேண்டும், பாசியும் அழியக் கூடாது. மாசத்தில் 12 நாள்தான் பறிப்பது, மீன்பிடி தடைக்காலத்தில் இறங்குவதில்லை என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னின்ற பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் விருது 2015-ல் கிடைத்தது. பசியோடு கடலில் இறங்குகிறவர்கள் இவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள். பிக்னிக் போகும் நாம் கையையும் காலையும் அடக்கிக்கொள்ளக் கூடாதா?

போகுமுன் கவனிக்க வேண்டியவை

* தீவுக்குப் படகு உண்டா, எந்தத் தீவுக்கு அனுமதி, தண்ணீரில் இறங்கலாமா என்று வனத்துறையிடம் முதலிலேயே கேளுங்கள். காற்று பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

* சேலையும் நைட்டியும் வேண்டாம். நனைந்ததும் காலைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா இல்லாத சுடிதார் சௌகரியம். குப்புறப் படுப்பதால் முதுகிலும் பின்கழுத்திலும் வெயில் சுட்டுவிடும், முழுக்கை அவசியம். கடலில் கரையும் கிரீம்களில் சில பவளத்துக்கு ஆகாது. துணியால் மூடுவதே மேல்.

* கண்ணாடியை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். ஒட்டி நின்றால் அளவு சரி. தலைமுடி ஒரு இழை நடுவில் சிக்கினாலும் தண்ணீர் கசியும். உள்ளே ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசினால் ஆவி படியாது.

* இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பொங்கல், வடையெல்லாம் திரும்பி வந்த பிறகு! படகில் குமட்டுகிறவர்கள் இஞ்சி முரப்பா வைத்துக்கொள்ளலாம்.

* ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காதில் சீழ் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஜலதோஷம் இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

* வாயால் மட்டும் மூச்சு விடு என்றால் புரிந்துகொள்ளாத வயசுக் குழந்தைகளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கண்டிப்பாக நிற்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது காவல் ஆகாது.

* சொறி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை ஒரு இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடலாம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

* களைத்துவிட்டால் பவளத்தின் மேல் நிற்காதீர்கள். மல்லாந்து படுங்கள், லைஃப் ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும்.

இந்தச் செலவுக்கு இன்னொரு பட்டுப் புடவை வேண்டாம், பெரிய ஹோட்டல் வேண்டாம். கொஞ்சம் துணிச்சலும், எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வரும் பொறுமையும் இருந்தால் போதும். அடுத்த அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகும்போது ஒரு நாள் கூடத் தங்கிப் பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். சங்கு, சோழிக்குப் பதிலாகக் கண்ணில் பார்த்ததைக் கொண்டு வரட்டும்.