இரண்டரை பைசா வெற்றி!

நூறு ரூபாய்க்கு இரண்டரை பைசா. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்!

2008 ஆகஸ்ட். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், புளூமிங்டன் ஸ்டேடியம். 'டிரம் கோர்' என்கிற வாத்தியக் குழுக்களின் சாம்பியன் போட்டி. ஃபாண்டம் ரெஜிமெண்ட் குழுவுக்கு 98.125 மார்க். புளூ டெவில்ஸ் குழுவுக்கு 98.100. கோப்பை ஃபாண்டமுக்கு. எவனோ ஒருத்தன் டிரம் குச்சியைக் கண் இமைக்கிற நேரம் முன்னால் தட்டியிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அதென்ன டிரம் கோர், நம்ம கல்யாண பேண்டு மாதிரியா என்று கேட்பீர்கள். இதில் கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. பித்தளை ஊதுகருவிகள், டிரம் வகையறா, கொடியைச் சுழற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற 'கலர் கார்டு'... எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 150 பேர். ஃபுட்பால் மைதானம் முழுக்க வரிசை மாறி, வளைந்து, ஓடிக்கொண்டே வாசிக்கவேண்டும். சுமார் பன்னிரண்டு நிமிஷம். தோளில் ட்யூபாவோடு பின்பக்கமாக நகரணும், மூச்சு வாங்கக்கூடாது, ஊதணும்! நான் இரண்டு மாடி ஏறினால் பெயரைச் சொல்லவே ஐந்து நிமிஷம் ஆகும்.

சரி, சம்பளம் எவ்வளவு? மூச்! கட்டணம் கட்டவேண்டியதே இவர்கள்தான். அதுவும் ஆயிரக்கணக்கான டாலர். கோடை விடுமுறை பூரா ராத்திரி பஸ் பயணம், ஏதாவது பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கை, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் பிராக்டீஸ். எல்லாம் 22 வயசுக்குள்தான். அதற்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2009-ல் புளூ டெவில்ஸ் 99.050 எடுத்து ஜெயித்தது. 2014-ல் 99.650. இதுவரை யாரும் எடுக்காத மார்க்! ஆனால், 2008-ல் வயசு வரம்பு முடிந்து வெளியேறினவனுக்கு அதனால் என்ன லாபம்? அவன் கணக்கு அந்த இரண்டரை பைசாவோடு முடிந்துபோச்சு.

ரேங்க் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதெல்லாம் தோற்றவனுக்கு மற்றவர்கள் சொல்கிற சமாதானம். ஃபைனலுக்குப் போவது பன்னிரண்டே குழுக்கள். பதிமூன்றாவது குழுவிடம் போய் அந்தத் தத்துவத்தைச் சொல்லிப்பாருங்கள், தெரியும்!

ஆனால், இந்தப் போட்டியில் ஒரு விசேஷம் உண்டு. கிரிக்கெட்டில் எதிரியை க்ளீன் போல்டாக்கலாம். கபடியில் காலை வாரலாம். இங்கே? ஒரு குழு வாசித்துவிட்டுப் போனபிறகுதான் அடுத்த குழு மைதானத்துக்குள் வரும். அடுத்தவன் நன்றாக வாசித்தால் உன்னால் தடுக்கமுடியாது. மார்க்கும் உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பதெல்லாம் உன் பன்னிரண்டு நிமிஷம் மட்டும்தான்.

மார்க் போடும் முறையும் சுவாரஸ்யம். 1980-கள் வரை, தப்பு ஒன்றுக்குப் பத்தில் ஒரு மார்க் வெட்டு. ஜட்ஜ் தப்பு தேடியே சுற்றுவார். பிறகு அதை மாற்றினார்கள். இப்போது 100-ல் 40 மார்க், மொத்த நிகழ்ச்சி மனசில் எவ்வளவு பதிந்தது என்பதற்கு. இசைக்கு 30, கண்ணுக்குத் தெரிகிற அணிவகுப்புக்கு 30.

நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸில் மட்டும் பழைய முறைதான். வருஷம் பூரா உழைத்தது யார் கண்ணிலும் படாது. மார்ச் மாசத்தில், நவம்பரில் ஒருநாள் லேட்டாக வந்தது மட்டும் மேனேஜருக்குப் பளிச்சென்று ஞாபகம் வரும். மூன்று வருஷம் தொடர்ந்து 'திருப்தி' என்று போட்டார். எனக்குத்தான் இல்லை.

கடைசியாக பாஸ்டன் க்ரூஸேடர்ஸ் கதை. 1940-ல் ஆரம்பித்த குழு. சாம்பியன் போட்டி 1972-ல் தொடங்கியது. பன்னிரண்டில் ஒன்றாக ஃபைனலைத் தொட்டதே 1999-ல்தான்! கோப்பை? 2025-ல்! நடுவில் எத்தனை பேர் வந்து, வெந்து, வாசித்து, வயசு முடிந்து போயிருப்பார்கள். மெடலும் இல்லை, போட்டோவும் இல்லை. ஆனால், எண்பதுகளில் பையன்கள் யாரும் வராமல் போயிருந்தால் 2025-ல் கோப்பையைத் தூக்க அந்தப் பெயரில் ஒரு குழுவே இருந்திருக்காது. அவர்களைத் தோற்றவர்கள் லிஸ்ட்டில் எழுத எனக்குப் பேனா ஓடவில்லை.

கடைசி நிகழ்ச்சி முடிந்ததும், வயசு முடிந்தவர்களில் சிலர் ஷூவைக் கழற்றி மைதானத்திலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியே நடப்பது ஒரு வழக்கம். ஷூ நிறைய தேய்ந்திருக்கும்.

நான் அந்த ஆபீஸைவிட்டு வந்த அன்று குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். பாலிஷ்கூடக் கலையவில்லை, சார்!