மகளைப் பார்க்க அமெரிக்கா போகணும்! பெட்டி நிறைய பத்திரம் இருந்தும் "விசா" மறுப்பு ஏன்?

"போனா திரும்பி வந்துருவீங்களாம்மா?"

சென்னை அண்ணா மேம்பாலம் அருகே இருக்கிறது அமெரிக்க துணைத் தூதரகம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி மனதில் ஓடுவது இந்த ஒரே கேள்விதான். வாய் திறந்து கேட்டாலும் கேட்பார், கேட்காமலும் விடுவார். ஆனால் பதில் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.

ரெடிமேடு துணிக்குப் பேர் போன ஊர் புதியம்புத்தூர். "குட்டி திருப்பூர்" என்று பட்டப்பெயரே உண்டு. பாவாடை, நைட்டி என்று ராப்பகலாகத் தைத்து பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. படித்த பிள்ளை அமெரிக்காவில் வேலை, அங்கேயே குடித்தனம் என்று ஆகிவிட்டால், அடுத்து பேறுகாலம் வரும். அம்மா போகாமல் எப்படி?

சட்டமே சந்தேகம்!

அமெரிக்க குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றிப் பார்க்க "விசா" கேட்டு வருகிற யாராக இருந்தாலும், அங்கேயே தங்கிவிட வந்தவர் என்றுதான் அதிகாரி முதலில் எண்ண வேண்டும். "இல்லை, நான் திரும்பி விடுவேன்" என்று காட்ட வேண்டிய பொறுப்பு மனு போட்டவருடையது. கோர்ட்டில் குற்றவாளிக்குக் கூட இதைவிட சலுகை உண்டு!

மனுக் கட்டணம் 185 டாலர். நம் காசில் ரூ.16 ஆயிரத்துக்கு மேல். "விசா" மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது. அப்பீலும் கிடையாது. மறுபடி போட வேண்டுமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு ஆபீஸ் கடிதம் இருக்கும்; லீவு முடிந்தால் திரும்புவார் என்று சொல்லிவிடலாம். பீஸ் கணக்கில் தைப்பவருக்கும், மானாவாரி உளுந்து, கம்பு விதைப்பவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? அதனால் தாத்தா காலத்துப் பத்திரம், பட்டா, வங்கி பாஸ்புக், நகை மதிப்புச் சான்று என்று ஒரு பெட்டியே கட்டிக்கொண்டு கோவில்பட்டியில் ரெயில் ஏறுகிறார்கள். பலருக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும் வேலையே வருவதில்லை.

காரணம், பேட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனுவில் எழுதியிருப்பதை வைத்தும், வாயால் சொல்வதை வைத்தும்தான் பெரும்பாலும் முடிவு. தமிழிலேயே பேசலாம். தெரியாத இங்கிலீஷை மனப்பாடம் செய்து திணற வேண்டியது இல்லை.

யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? மகள் அங்கே என்ன செய்கிறார்? எத்தனை நாள்? யார் செலவு? இங்கே யார் இருக்கிறார்கள்? - கேள்விகள் இப்படித்தான் இருக்கும். "மக பிள்ளை பெத்துருக்கா. பார்த்துட்டு மாசி அறுப்புக்கு வந்துருவேன். வீட்டுக்காரரும் மூத்தவனும் இங்கதான் இருக்காங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால், அதுவே நூறு பத்திரத்துக்கு சமம். பத்திரம் வேண்டாம் என்று இல்லை. கேட்டால் காட்ட கையில் இருக்கட்டும்.

புரோக்கர் விளையாட்டு

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மனு முழுவதும் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் நிரப்ப வேண்டும். அதை யாரோ நிரப்பிக் கொடுக்கிறார்கள். "முன்னே ஒரு தடவை மறுத்தாங்கன்னு எழுதாதீங்க", "தம்பி அங்கே இருக்கிறதைச் சொல்லாதீங்க" என்று யோசனை வேறு! மறுத்த கணக்கு தூதரகத்தில் பதிவாகி இருக்கும். நிரப்பியது யாராக இருந்தாலும் பொறுப்பு மனுதாரர் தலையில்தான் விழும். பொய் சொல்லி "விசா" வாங்கப் பார்த்தார் என்று முடிவு செய்துவிட்டால், ஆயுளுக்கும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரலாம். வெறும் 214(பி) மறுப்பு அப்படி அல்ல. நிலைமை மாறினால் திரும்ப மனு போடலாம்.

எனவே, மனுவை அனுப்பும் முன்பு வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்லச் சொல்லி கேட்டுக்கொள்வது நல்லது. பேட்டியில் சொல்வதும் மனுவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சென்னைக்குப் போனால் ஒரே நாளில் வேலை முடியாது. முதலில் தனி மையத்தில் விரல் ரேகையும் போட்டோவும் எடுப்பார்கள். பேட்டி வேறொரு நாள். தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. முன்பு 79 வயதைத் தாண்டியவர்களுக்கு பேட்டியில் விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2-ந்தேதி முதல் அந்த விலக்கும் எடுக்கப்பட்டுவிட்டது. சுமார் 600 கிலோமீட்டர் போய் பாட்டிமாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பாவம்!

பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு கப்பல் விட்டபோது, பயணிகளிடம் "விசா" கேட்க ஆள் இல்லை. அது ஒரு காலம்! இன்று பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் கொஞ்சம் சுலபம். அங்கே இருப்பவரின் அறிமுகக் கடிதத்தோடு, அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு மூலம் மனு போட்டால் போதும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை "விசா" இல்லாமலே அனுமதிக்கத் தொடங்கியது.

10 வருடம் தங்கலாமா?

அமெரிக்க "விசா" கிடைத்தவர்களும் ஒரு விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள். பாஸ்போர்ட்டில் 10 வருடம் என்று ஒட்டியிருக்கும். அது அந்த நாட்டு வாசல் வரை போவதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் உள்ள அதிகாரிதான் தீர்மானிப்பார். பெற்றோருக்கு பெரும்பாலும் 6 மாதம் கிடைக்கும். அதைத் தாண்டி தங்கினால் அந்த 10 வருட "விசா"வே செல்லாமல் போகும். புரட்டாசியில் போய் இறங்கியவர் பங்குனிக்குள் கிளம்பிவிட வேண்டும். அதுவரைக்கும் சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. தெரிந்தவர் வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து காசு வாங்கினாலும் தப்புதான்!