மணியின் வடிவும் முகத்தலளவையும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும். இவற்றுள் முகத்தலளவையை ஆராய்வார் பெரும்பாலும் கலத்தின் கொள்ளளவையே நோக்குவர். அதனுள் நிறையும் மணியின் வடிவை நோக்குவதில்லை. ஒரே மரக்காலில் கடுகும் எள்ளும் நெல்லும் இடத்தை ஒருபடித்தாக நிரப்புமோ? நிரப்பா. இதன் காரணத்தைக் கணிப்பொறி ஆய்வுகள் தெளிவுறுத்தியுள்ளன. அவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கலத்தின் இடத்தில் மணிகள் தாமே கொள்ளும் பங்கினைச் செறிவு என்பாம், எஞ்சியது இடைவெளி. ஒத்த அளவினவாகிய உருண்டைகளை எத்துணை ஒழுங்குற அடுக்கினும் செறிவு நூற்றுக்கு 74.05-ஐக் கடவாது. 1611-இல் கெப்ளர் கருதிய இதனை, 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் கணிப்பொறித் துணையுடன் நிறுவினார். ஒழுங்கின்றிக் கொட்டிய உருண்டைகளின் நிலை வேறு. 1960-இல் ஸ்காட் எஃகு உருண்டைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, வாளா கொட்டியவழி 60 அளவும், குலுக்கியவழி 64 அளவுமே செறிவு கிட்டியது.

துகள்களைக் கணிப்பொறியுள் படைத்து, ஒவ்வொன்றன்மீதும் செயற்படும் விசையைக் கணந்தோறும் கணக்கிட்டு, அவற்றின் இயக்கத்தைக் காணும் முறையைக் கண்டல், ஸ்டிராக் என்னும் இருவர் 1979-இல் விளக்கினர். உருண்டையல்லா வடிவங்களை ஆராயவும் இத்தகைய கணிப்புகள் வழிவகுத்தன. 2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், தட்டையுருண்டை வடிவினவாகிய இனிப்புகளைக் கலத்திற் கொட்டியும், அவ்வடிவைக் கணிப்பொறியில் அமைத்தும் நோக்கினர். ஒழுங்கின்றிக் கிடந்தும் அவற்றின் செறிவு 68 முதல் 71 வரை உயர்ந்தது. மூவச்சும் நீளத்தால் வேறுபட்ட கோளங்கள் கணிப்பில் 74-ஐயே அணுகின.

காரணம் யாது? உருண்டை தன்னிடத்தே சுழலினும் அது கொள்ளும் இடம் மாறாது. ஆதலின் அதன் பெயர்ச்சியை மட்டும் தடுத்தல் போதும். அதற்குச் சராசரி ஆறு தொடுகைகள் அமையும். தட்டையுருண்டையோ பெயர்தலேயன்றிப் புரளவும் வல்லது. அதனை அசையாது நிறுத்தப் பத்தளவு தொடுகைகள் வேண்டும். தொடும் அண்டை மிகவே, இடைவெளி குறைகின்றது.

எனினும், நீட்சி மிகுந்தோறும் செறிவு மிகும் எனக் கொள்ளற்க. நீண்ட கோளத்தின் நீளம் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்காகும் அளவில் செறிவு உச்சம் எய்தும், பின்னர்ச் சரியும். மிக நீண்ட கோல்கள் ஒன்றையொன்று தடுத்துப் பெரும்பாழ் விடுக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாயின் உராய்வு மிகும். மணிகள் வளைவுபோல் ஒன்றையொன்று தாங்கி, அடியில் வெற்றிடம் விடும். பல உருண்டைகளை ஒட்டி ஒரு துகளாக்கும் கணிப்புமுறையிலோ, அவ்வொட்டின் மேடுபள்ளமே பொய்யான பிணிப்பை விளைத்தலும் உண்டு.

இனி, இதனால் நம் ஆய்விற்காம் பயன் ஒன்று உளது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள், இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளக்கப்பட்டமையைக் கூறும். அந்நெல்லை இக்கால எடைக்கு மாற்றுவார், மரக்காலின் கொள்ளளவு ஒன்றையே கொண்டு எடை துணிதல் பொருந்தாது. நெல் நீண்டது; உமியால் சொரசொரப்புடையது. அதன் வகையும், கொட்டிய முறையும், குலுக்கியதோ அன்றோ என்பதும், தலைதட்டியதோ குவித்ததோ என்பதும் எடையை வேறுபடுத்தும். ஆதலின் எடையை ஒற்றை எண்ணாற் கூறாது, இன்ன அளவு முதல் இன்ன அளவு வரை எனக் கூறுதலே நெறி. கலம் ஒன்றாயினும் நிறை ஒன்றன்று.