திருவருகைக் காலம்: நாம் காத்திருப்பது எப்படி?

திருவருகைக் காலம் என்றால் என்ன என்ற வினாவுக்கு, “நத்தாருக்கு ஆயத்தம் செய்யும் காலம்” என்று மட்டும் எழுதி மாணவர் பலர் நிறுத்திவிடுகின்றனர். அது சரியே. ஆயினும் யாருடைய வருகைக்கு, எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதையும் விளக்கினால்தான் விடை முழுமை பெறும்.

காலமும் அடையாளங்களும்

கத்தோலிக்கத் திருச்சபையின் திருவழிபாட்டு ஆண்டு இக்காலத்துடன் ஆரம்பமாகிறது. நவம்பர் 30ஆம் திகதிக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே இதன் முதல் ஞாயிறாகும். நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகள் இதில் அடங்கும். டிசெம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையும், 17 முதல் 24 வரை அவரது பிறப்பும் சிறப்பாக நினைவுகூரப்படுகின்றன. திருவழிபாட்டு நிறம் ஊதா. மூன்றாம் ஞாயிறன்று குருவானவர் ரோசா நிற உடையும் அணியலாம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. எனினும், தவக்காலத்தைப் போலன்றி அல்லேலூயா பாடப்படும். எனவே இது மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கும் காலமாகும்.

மூன்று வருகைகள்

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பேர்னாட், ஆண்டவரின் வருகை மூன்று எனப் போதித்தார்.

1. பெத்லகேமில் மனிதராக வந்தமை
2. இன்று நமது உள்ளத்தில் வருதல்
3. உலக முடிவில் மாட்சியுடன் வருதல்

முதலாவது நிறைவேறிவிட்டது. மூன்றாவது நிகழும் நாளை எவரும் அறியார். நாம் ஒவ்வொருவரும் இன்றே இடங்கொடுக்க வேண்டியது இரண்டாவது வருகைக்கே.

இடங்கொடுப்பது எவ்வாறு?

நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்டதை லூக்கா 3ஆம் அதிகாரம் கூறுகிறது. தம்மைப்போல் பாலைநிலத்தில் வாழுமாறு அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவருடன் பகிர வேண்டும். வரி அறவிடுவோர் விதித்ததற்கு மேல் வாங்கக்கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது என்றார். அவரவர் தம் அன்றாட வாழ்விலேயே செய்யக்கூடியவை இவை. மாணவர் ஒருவர் பாடம் தவறவிட்ட நண்பனுக்குத் தன் கொப்பியைக் கொடுக்கலாம். கோபித்திருக்கும் சகோதரனுடன் தானே முதலில் பேசலாம்.

காத்திருத்தல் நமது ஊர்களுக்குப் புதிதன்று. வெளிநாடு சென்ற தாய்க்காகவும், 2009இல் முடிவுற்ற யுத்தத்தில் காணாமற்போன பிள்ளைக்காகவும் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. நத்தாருக்கு முன் அத்தகைய வீடொன்றுக்குச் சென்று, சற்று நேரம் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதும் திருவருகைக் கால ஆயத்தமே. குடிலும் மின்விளக்குகளும் இந்த ஆயத்தத்தின் வெளி அடையாளங்கள் மட்டுமே.

பயிற்சி வினா

திருவருகைக் காலத்தில் ஆண்டவருக்கு உள்ளத்தில் இடங்கொடுக்க நீர் செய்யக்கூடிய இரண்டு செயல்களைக் குறிப்பிட்டு, அவற்றை லூக்கா 3ஆம் அதிகாரத்துடன் தொடர்புபடுத்தி விளக்குக.