படம் எடுக்கும் கை முறிந்தால்...

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். கல்யாணப் புகைப்படக்காரர். வார நாள்களில் வீட்டு மேசையில் படங்களைத் திருத்துவார். சனி, ஞாயிறு வந்தால் பாசீர் கூடாங், குளுவாங் என்று மண்டபம் மண்டபமாக ஓடுவார். நான் அறிவிப்பாளராகப் போகும் விருந்துகளில் பாதிக்கு அவரும் வருவார்.

ஒரு விருந்தில் மணமக்கள் கேக் வெட்டும் நேரம். நல்ல கோணம் தேடிப் பின்னால் நகர்ந்தவர், மேடைப் படியில் தவறி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. லென்சும் போனது. அவர் இடித்துச் சாய்த்த விளக்குக் கம்பம் ஒரு பாட்டியின் கால்மேல் விழாமல் தப்பியது, பாட்டி செய்த புண்ணியம்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் இருந்த ஐந்து கல்யாணங்களின் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

"ஃபேக்டரியில வேலை செஞ்சிருந்தா எம்.சி.க்குச் சம்பளம் வந்திருக்கும். எனக்கு யார்க்கா குடுப்பா?" என்றார்.

கொடுக்க ஓர் இடம் இருந்தது. அவர் பதிந்து வைக்கவில்லை, அதுதான் வருத்தம். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ நடத்தும் திட்டம் அது. முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு வந்தது. 2020இல் அங்காடி வியாபாரம், இணைய வணிகம், கலை, தகவல் தொழில்நுட்பம், நிபுணத்துவச் சேவை என்று விரிந்தது. நான்கு பிரிவுகள், சந்தா ஆண்டுக்கு 157.20 ரிங்கிட்டிலிருந்து 592.80 ரிங்கிட் வரை.

மலிவானதே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். வேலையில் அடிபட்டு, நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கிடைத்தால், அந்தப் பிரிவுக்குரிய வருமானத்தில் 80 விழுக்காட்டை நாள்கணக்கில் தருவார்கள். முதல் பிரிவில் அந்த வருமானம் மாதம் 1,050 ரிங்கிட்தான். 442.80 ரிங்கிட் கட்டும் மூன்றாம் பிரிவில் 2,950. தம்பி அதில் இருந்திருந்தால் ஆறு வாரத்துக்கு 3,000 ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்திருக்கும். சிகிச்சைச் செலவு, நிரந்தர ஊனம், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை எல்லாம் இதே சந்தாவுக்குள் அடங்கும்.

ஆனால் வீட்டில் டிங்கி காய்ச்சலில் படுத்தால் இது உதவாது. அதற்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். உடைந்த லென்சுக்கும் இதில் பணம் வராது. வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைத்தால், தொழில் கருவிகளை அது பெரும்பாலும் ஏற்காது. பாட்டியின் காலில் கம்பம் விழுந்திருந்தால்? அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி. கணக்கு, வடிவமைப்பு, ஆலோசனை என்று தொழில் செய்பவர் சொன்னது தவறி வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால், தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. சொந்தக் காரில் இ-ஹெய்லிங் ஓட்டுகிறவர்கள் அதற்கான கூடுதல் காப்பைச் சேர்க்காவிட்டால், விபத்து நாளில் முழிக்க வேண்டியதுதான்.

கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில், 2025 ஜனவரி முதல் உணவு விநியோகிப்பவர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் வேலை தரும் செயலி நிறுவனங்களே வேலைக்காயக் காப்புறுதி எடுக்க வேண்டும். கல்யாண வீட்டாரிடம் நேராக விலை பேசும் நம் தம்பிக்கு அப்படி ஒரு நிறுவனம் ஏது?

கட்டுப் பிரித்த வாரமே அவர் பதிந்துவிட்டார், மூன்றாம் பிரிவில். புது லென்சுக்கு மட்டும் இன்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.