கடற்காற்றும் வெளிச்சுவரும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. உடம்பைப் பேணவேண்டும் என்று சொல்லுதற்கு அதனை உவமையாக்குவர். மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் வாழ்வோரோ அதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளல் தகும். தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, சிலாவத்துறை முதலிய கடலோர ஊர்களிலே வெளிச்சுவர்கள் பொரிந்து, மாவாகி, உதிர்வதைக் காணலாம்.

நத்தாரோ பொங்கலோ நெருங்கியதும் வீட்டைக் கழுவி வெள்ளையடிக்க முற்படுகின்றோம். அமிலம் தெளித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்பார் ஒருவர். அழுத்த நீர்ப் பொறியை வாடகைக்கு எடுத்தால் ஒரு பகலில் வேலை முடிந்துவிடும் என்பார் மற்றொருவர். வெளிற்றுந் தூளைக் கரைத்து ஊற்றுங்கள் என்பார் வேறொருவர். சுவரில் இருப்பது எவ்வகை அழுக்கு, சுவர் எதனால் ஆனது என்ற இரு கேள்விகளையும் கேட்போர் சிலரே. இவற்றுக்கு விடை காணாமல் முறையைத் தெரிதல், நாடி பாராமல் மருந்து கொடுத்தலை ஒக்கும்.

மன்னாரின் சுவருக்கு முதற் பகை உப்பு. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று அலை நுரையை நுண்துளியாக்கி ஊருக்குள் கொணர்கின்றது. இக்காற்றின் வலிமை கருதியே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பெற்றது. ஆலையைச் சுழற்றும் அதே காற்றுத்தான் நம் சுவரில் உப்பையும் பூசிச் செல்கின்றது.

பூசப்பட்ட உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது கறியுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து சுவரின் நுண்துளைகளுள் இறங்கும். வெயில் ஏறி ஈரப்பதன் குறைந்ததும் அங்கேயே பளிங்காக உறையும். உறையும் பளிங்கு வளர இடம் தேடித் துளையின் சுவர்களை நெருக்கும். இரவு கரைந்து பகலில் உறையும் இத்தொழில் ஆண்டு முழுதும் நடக்குமாயின், உறுதியான பூச்சும் மேற்பட்டை கழன்று விழும். மழை படாத இறவாரத்தின் கீழே பூச்சு மிகுதியாக உதிர்வதன் காரணமும் இதுவே. மழை கழுவாத இடத்தில் உப்புச் சேர்ந்துகொண்டே போகின்றது.

நம் முன்னோர் இப்பகைக்கு எதிராகக் கையாண்ட பொருள் சுண்ணாம்பு. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயர் வசமான மன்னார்க் கோட்டையின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தை நம்பியே நின்றன. அரிப்பிலே அல்லிராணிக் கோட்டை என ஊரவர் வழங்கும் டொரிக் மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும்பொருட்டுத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் கட்டுவித்தது. 1801ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கிற்று. அம்மாளிகைச் செங்கற் சுவர்களுக்குச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே மெருகு தந்தது. இன்று அது சரிந்து கிடப்பதற்குக் கடலரிப்பே பெருங் காரணம்.

சுண்ணாம்பின் இயல்பை மாணவர் அறிவர். சுண்ணாம்புக்கல்லோ சிப்பியோ சுடப்படும்போது காபனீரொட்சைட்டை இழக்கின்றது. எஞ்சிய நீறாத சுண்ணாம்பு நீரிட்டதும் நீறுகின்றது. பூசியபின் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பெற்று மீண்டும் கல்லாகின்றது. அக்கல் நுண்துளை உடையது. சுவரினுள் புகுந்த ஈரம் அதனூடாக வெளியேறும். உப்பு மேற்பூச்சிலேயே உறைந்து பூச்சோடு உதிரும். பூச்சு உதிர்ந்தாலும் கல் தப்பும். மறு ஆண்டு மீண்டும் பூசிக்கொள்ளலாம். ஈரத்தை அடைத்து வைக்கும் பெயின்றோ அடர்ந்த சீமெந்துப் பூச்சோ பழைய முருகைக்கற் சுவரின்மேல் ஏறினால், உப்பு உள்ளேயே உறைந்து கல்லையே தின்னும்.

ஆகவே முதலில் சுவரைச் சோதித்தல் வேண்டும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெண்மாவு ஒட்டினால் பெரும்பாலும் அது சுண்ணாம்புப் பூச்சாகும். ஒரு துளி நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சுவர் மூச்சுவிடுகின்றது. துளி வழிந்தோடினால் மேலே பெயின்றுப் படலம் இருக்கின்றது. அடுத்து அழுக்கைச் சோதியுங்கள். ஈரத்துணி பட்டதும் மறைந்து, காய்ந்ததும் மீளத் தோன்றும் வெண்பொடி உப்பு. ஈரச் சுவரிற் படரும் பச்சையும் கறுப்பும் பெரும்பாலும் பாசியும் பூஞ்சணமும் ஆகும். செம்பழுப்புக் கோடாக இறங்குவது உள்ளிருக்கும் இரும்பின் கறள். அதனைக் கழுவிப் பயனில்லை. அஃது உள்நோயின் அறிகுறி. கடல்மணலைக் கழுவாது கலந்த கொங்கிறீற்றில் இந்நோய் விரைந்து வரும். அங்கே அழைக்கவேண்டியவர் நல்ல மேசன்.

இனி முறைகளை மென்மையிலிருந்து வன்மைக்கு வரிசைப்படுத்துவோம். முதலாவது உலர்துடைப்பு. சோளகம் ஓய்ந்ததும், மழை தொடங்குமுன், தும்புத் தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லத் துடைக்கவேண்டும். விழும் பொடியைச் சாக்கில் ஏந்தி அப்புறப்படுத்தவேண்டும். சுவரடியில் விட்டால் முதல் மழையே அதனைத் திரும்பச் சுவருக்குள் அனுப்பிவிடும். செலவில்லாத இம்முறையே உப்புக்கு மிகச் சிறந்த மருந்து. பிடிவாதமான உப்புக்கு, பழைய செய்தித்தாளை நன்னீரில் ஊறவைத்துக் கூழாக்கி அப்பி, காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். காயுங் கூழ் உப்பைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது நன்னீர். இங்கே மன்னார் மக்கள் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. மணற்றீவின் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஓர் அடி நன்னீருக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாழ்ந்து நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலெழும். சுவர் வெளுக்கக் கிணறு உவர்த்தால் யாருக்கு இலாபம்? உவர்க் கிணற்று நீரைச் சுவரில் அடித்தலோ உப்பை உப்பால் கழுவுதலாகும். ஆதலின் மாரிக்காலத்தில் கூரை மழைநீரைத் தாங்கியிற் பிடித்து, வாளியும் துணியும் கொண்டு சிறுகச் சிறுகக் கழுவுதலே தக்கது.

மூன்றாவது வெளிற்றும் மருந்து. பாசிக்கு மட்டும், நன்கு நீர் கலந்து, சிறிதளவே பயன்படுத்தலாம். வெளிற்றும் திரவம் தன் வேலை முடிந்தபின் பெரும்பாலும் சாதாரண உப்பாகவே எஞ்சுகின்றது. எனவே நன்கு அலசவேண்டும். கிணற்றருகிலும் மழைநீர்த் தாங்கி அருகிலும் அதனை ஊற்றலாகாது. பாசியைக் கொன்றபின் அதனை வளர்த்த கசிவை அடைக்காவிடின் அது மீண்டும் வரும்.

நான்காவது அமிலம். இது வேண்டவே வேண்டா. ஐதரோக்குளோரிக்கமிலம் சுண்ணாம்பிற் பட்டதும் நுரைத்தெழுவதை ஆய்வுகூடத்தில் மாணவர் கண்டிருப்பர். அந்நுரை நம் சுவர் கரைந்து போவதன் அடையாளம். எஞ்சும் கல்சியங் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துச் சுவரை நனைத்துக்கொண்டேயிருக்கும். அமிலத்தையும் வெளிற்றும் மருந்தையும் கலந்தால் குளோரின் வாயு பிறக்கும். 1915 ஏப்பிரலில் ஈப்பர் போர்க்களத்திலே படைவீரரைக் கொன்ற வாயு அதுவே.

ஐந்தாவது அழுத்த நீர்ப் பொறி. வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் சிறு பொறிகளும் 100 பார் அழுத்தத்துக்கு மேல் நீரைப் பாய்ச்ச வல்லன. பழைய சாந்தை அது தோண்டிவிடும். நீரைச் சுவரின் ஆழத்துக்குச் செலுத்தி அங்குள்ள உப்பைக் கரைத்து எழுப்பும். சீமெந்து முற்றத்துக்கு அது பொருந்தலாம். முருகைக்கற் சுவருக்குப் பொருந்தாது. ஸ்கொத்லாந்தில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மணற்கற் கட்டடங்கள் பலவற்றை மணல் வீச்சாலும் இரசாயனத்தாலும் கழுவி வெளுக்கச் செய்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது பல சுவர்கள் அதனாலேயே சிதைந்தமை தெரிந்தது. பயன்தரக்கூடிய முறைகளுள் மிக மென்மையானதையே தெரிக என்பது இன்று ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பூங்காச் சேவை பழங் கட்டடங்களுக்கு வகுத்திருக்கும் விதி.

சுவரினும் கவனம் வேண்டுவது கூரை. அஸ்பெஸ்டஸ் தகடு வேய்ந்த வீடுகள் இலங்கையெங்கும் உண்டு. அவற்றை உரஞ்சலாகாது, அழுத்த நீர் பாய்ச்சலாகாது, வெட்டவோ துளைக்கவோ கூடாது. வெளிப்படும் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலை அடைந்து, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அஸ்பெஸ்டஸின் எல்லா வகையும் புற்றுநோய் தருவன என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. கூரை கறுத்திருப்பது குறையன்று. முற்றத்தில் விளையாடும் குழந்தையின் மூச்சே பெரிது.

காலமும் முறையின் ஒரு பகுதியே. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி, சுவரின் திறந்த பக்கத்தைத் தானே கழுவித் தருகின்றது. நத்தாருக்கு வீடு துப்புரவாக இருக்க, உலர்துடைப்பும் சிறிது நீரும் போதும். மழை விட்டுச் சுவர் உலர்ந்தபின், தைமாதக் குளிர்ச்சியில் வெள்ளையடித்தல் நன்று. நன்றாக நீறிய சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, துணியில் வடித்து, சுவரைச் சற்றே நனைத்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுக. ஒட்டும் பொருட்டுச் சிலர் உப்புச் சேர்ப்பதுண்டு. மன்னாரில் அது வேண்டா. சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. சிறுவரை அருகே விடாதீர்கள்.

ஒரே நாளிற் பளிச்சிடச் செய்யும் முறையை நாடுவோர், அப்பளிச்சுக்காகச் சுவரின் தோலை விலையாகக் கொடுக்கின்றனர். தூரிகையும் மழைநீரும் சுண்ணாம்பும் ஆண்டுதோறும் சில நாள் உழைப்பைக் கேட்கும். ஆனால் வீட்டைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைக்கும். இவ்வாண்டு சோளகம் ஓய்ந்ததும், வாளியைத் தூக்குமுன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். எந்த முறை வேண்டும் என்பதைச் சுவரே சொல்லும்.